ஆப்பிள் வற்றல் பையின் அடிமாவு ஏன் வேகவில்லை?

வாசகர் கேள்வி, அக்டோபர் 3, 2023

அமெரிக்காவின் பென்சில்வேனியா ஜெர்மானியர்களின் உலர் ஆப்பிள் பையை (pie, மேலும் கீழும் மாவு வைத்து நடுவில் பழம் அடைத்து ஓவனில் சுடும் பண்டம்) இரண்டு முறை செய்து பார்த்தேன். முதல் முறை ஆப்பிள் துண்டுகள் செருப்புத் தோல். இரண்டாம் முறை வேறு பாக்கெட் வாங்கினேன், கஞ்சியாகிவிட்டது. இரண்டு முறையும் மேல்மாவு சிவந்தது, அடிமாவு பச்சையாகவே இருந்தது. புது ஆப்பிள் கிடைக்காத காலத்தில் வழியில்லாமல் செய்த பண்டம் இது என்று நினைக்கிறேன். இப்போது பன்னிரண்டு மாதமும் ஆப்பிள் கிடைக்கிறது. இனி எதற்கு இந்த வேலை?

அக்டோபர் 3, இரவு

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு எரிச்சல் மூட்டியது அதுதான். கொல்லையில் மணத்தக்காளி காய்த்துத் தொங்கினாலும் வற்றல் குழம்புக்கு வற்றலைத்தானே தேடுகிறோம்? வெயிலில் காயும்போது காய்க்கு வேறு ஒரு ருசி ஏறிவிடுகிறது. ஆப்பிளும் அப்படித்தான். புது ஆப்பிள் பையில் வாசனை மேலாக நிற்கும். வற்றல் பையில் ருசி அடியில் கிடக்கும், கொஞ்சம் பழைய புளி போல, கொஞ்சம் வெல்லப்பாகு போல.

நான் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டிக்குக் குடிவந்து பதினெட்டு வருடமாகிறது. இங்கே இதற்கு ஷ்னிட்ஸ் பை என்று பெயர். ஷ்னிட்ஸ் என்றால் இந்த ஊர் ஜெர்மன் பேச்சில் நறுக்கிய துண்டு. நாளடைவில் காய்ந்த ஆப்பிள் துண்டுக்கே அது பெயராகிவிட்டது. இங்கே எளிய வாழ்க்கை வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. அது முடிந்ததும் நடக்கும் எளிய மதியச் சாப்பாட்டில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், காப்பியோடு இந்தப் பையும் வரும். வழியில்லாமல் செய்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

தூக்கம் வருகிறது. அடிமாவைப் பற்றி நாளைக்கு.

அக்டோபர் 4

முதலில் செருப்புத் தோல். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அந்தப் பாகில் வற்றலைப் போட்டீர்களா? போட்டிருப்பீர்கள். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். காய்ந்த பழம் தண்ணீர் குடிக்க வேண்டிய நேரத்தில் சர்க்கரை கூடவே நின்றால் தண்ணீர் உள்ளே போகாது. துண்டு ஊறாது, எத்தனை நேரம் கொதித்தாலும் ரப்பர்தான்.

என் அளவு, 23 செ.மீ. தட்டுக்கு: ஆப்பிள் வற்றல் 250 கிராம். தண்ணீர் 600 மி.லி. ஒரு பெரிய ஆரஞ்சின் சாறும் தோல் துருவலும். இதையெல்லாம் சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் மூடி போட்டுச் சிறு தீயில் அரை மணி. துண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். மசிந்த பிறகுதான் சர்க்கரை, 120 கிராம். பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, கிராம்புப் பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. கரண்டியால் அங்கங்கே குத்தி விடுங்கள், முழுவதும் மசிக்க வேண்டாம். கரண்டியைப் பாத்திரத்தின் அடியில் இழுத்தால் ஒரு கணம் தடம் நிற்க வேண்டும், அதுதான் பதம். தடத்தில் தண்ணீர் ஓடி வந்து நிரம்பினால் இன்னும் வற்றவிடுங்கள்.

சோள மாவு வேண்டாம். ஆப்பிளில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளே கெட்டியாக்கிவிடும்.

அக்டோபர் 4, சிறிது நேரம் கழித்து

கஞ்சியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவது பாக்கெட் வெளிர் மஞ்சளாக, வளைத்தால் வளைகிற மாதிரி இருந்ததா? அப்படியானால் அது கந்தக டை ஆக்சைடு போட்டு நிறம் காத்த சரக்கு, பாதி ஈரத்தோடு விற்பார்கள். அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதும், நேரமும் குறைவாகப் போதும். இங்கே வீட்டில் காய்ந்தது பழுப்பாக இருக்கும், ஒடித்தால் தோல் போல இழுபடும். இரண்டுக்கும் ஒரே கணக்கு வைத்தால் ஒன்று கஞ்சி, ஒன்று செருப்பு.

அக்டோபர் 6

அடி வாங்கினேன். ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பருப்பு வேகும் முன் புளியைக் கரைத்து ஊற்றினால் பருப்பு வேகாது என்று அம்மா தலையில் குட்டுவார். நீங்கள் ஆரஞ்சுச் சாற்றை முதலிலேயே ஊற்றச் சொல்கிறீர்களே?"

சரிதான். புளிப்பு எதுவானாலும் காயையும் பழத்தையும் இறுக்கிப் பிடிக்கும். பதினெட்டு வருடமாக ஆரஞ்சைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் வேகவைப்பது இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மாற்றிச் செய்தேன். வெறும் தண்ணீரில் போட்டால் இருபது நிமிடத்தில் மசிந்தது. மேலே எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்: தண்ணீர் 700 மி.லி., ஆரஞ்சுச் சாறும் துருவலும் சர்க்கரையோடு கடைசியில்.

இரவு முழுவதும் ஊறவைப்பதும் தேவையில்லை. அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னபோது சிரித்தார். எண்பது தாண்டியவர், மெனோனைட், ஆமிஷ் போன்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு. அவர் வீட்டில் காலை எட்டு மணிக்கு வற்றலை அடுப்பில் போட்டால் ஒன்பதுக்கு இறக்கிவிடுவாராம். ஊறவைத்தால் ருசி தண்ணீருக்குப் போய்விடும் என்பது அவர் கட்சி. அந்தத் தண்ணீரிலேயேதானே வேகவைக்கிறோம், எங்கே போகும் என்று கேட்டேன். பதில் இல்லை, ஒரு பார்வைதான்.

அக்டோபர் 6, மறுபடியும்

'பை' என்று தேடினால் மஞ்சப்பை வருகிறது என்று ஒருவர் புகார். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பையைப் பையில் போட்டு எடுத்துப்போனேன் என்று ஒரு முறை என் அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அவள் அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினாள்.

அக்டோபர் 9

அடிமாவு. இதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறீர்கள்.

இந்தப் பையின் கதை முழுவதும் தண்ணீரின் கதைதான். பழத்துக்குள் தண்ணீர் போக வேண்டும். மாவுக்குள் முடிந்தவரை போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டுகூட நிற்கக் கூடாது. அடிமாவு வேகவில்லை என்றால் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

எடையில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர். பழைய சூத்திரம், மனத்தில் நிற்கும். 23 செ.மீ. தட்டுக்கு மேலும் கீழும் போட 330 கிராம் மைதா, 220 கொழுப்பு, 110 ஐஸ் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. கொழுப்பு ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். விரல் நுனியால் பிசறுங்கள், உள்ளங்கை படக் கூடாது. கொஞ்சம் ரவைபோல, கொஞ்சம் மொச்சைக்கொட்டை அளவுக் கட்டிகளாக நிற்கும்போது நிறுத்துங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்க்க வேண்டும். நம் கை சப்பாத்திக்குப் பழகிய கை, அதுதான் ஆபத்து. மாவைப் பார்த்ததும் பிசையத் துடிக்கும். பிசைந்தால் மைதாவின் பசைப்புரதமான குளூட்டன் இழை இறுகும், வெந்ததும் பை அட்டையாகும். பிடித்தால் பிடிபட வேண்டும், அவ்வளவே. ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு திரட்டுங்கள்.

கட்டியாக நிற்கும் கொழுப்புதான் அடுக்கு கொடுக்கிறது. ஓவனில் அது உருகி ஓட, விட்டுப்போன இடத்தை நீராவி தூக்குகிறது. முன்பே உருகிவிட்டால் தூக்க ஒன்றுமில்லை.

ஆப்பிள் கலவை நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் அடிமாவின் கொழுப்பு ஓவனுக்குப் போகும் முன்பே உருகி, மாவு சொதசொதவென்று ஊறிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பச்சை அடிமாவுக்கு இதுதான் காரணம் என்பேன். (தொண்ணூறு என்பது என் வாய்க்கணக்கு.)

பிறகு ஓவன். கீழ்த்தட்டில் கனமான இரும்புத் தட்டு ஒன்றை முன்கூட்டியே வைத்துச் சூடேற்றி, அதன் மேல் பையை வையுங்கள், தோசைக்கல்லைக் காயவிடுவது போல. இங்கே எல்லாம் பாரன்ஹீட், உங்களுக்காகச் செல்சியஸில் சொல்கிறேன்: 220-இல் 25 நிமிடம், பிறகு 190-இல் 50 நிமிடம். மேல்மாவில் கத்தியால் நான்கு கீறல். ஆவி வெளியே போக வழியில்லை என்றால் உள்ளேயே சுற்றிச் சுற்றி அடிமாவில் இறங்கும்.

அக்டோபர் 10

எதிர்பார்த்த கேள்வி: "கொழுப்பு என்றால் என்ன கொழுப்பு?"

இந்த ஊரில் பன்றிக் கொழுப்பு. பாட்டி அதைத் தவிர வேறு எதையும் மாவில் போட மாட்டார். நான் சைவம், எனக்கு வெண்ணெய். வெண்ணெயில் பதினாறு சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, அதனால் மேலே சொன்ன 110-இல் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வனஸ்பதியிலும் செய்யலாம். 1911-இல் கிறிஸ்கோ என்ற வனஸ்பதி கடைக்கு வந்தபோது அமெரிக்க வீடுகளில் பன்றிக் கொழுப்பின் இடத்தைப் பிடிக்கவே வந்தது. மாவு அருமையாகத் திரட்ட வரும், அடுக்கும் வரும். ருசி மட்டும் வராது. வாயில் மெழுகுபோல ஒட்டும்.

நெய் போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். போட்டிருக்கிறேன். நெய்யில் தண்ணீர் இல்லை, எனவே ஆவி குறைவு. மென்மையாக இருப்பதால் கட்டி நிற்காமல் மாவோடு கலந்துவிடும். வந்தது பை இல்லை, தட்டு வடிவத்தில் ஒரு பெரிய நான்கட்டாய். வாசனை வீடு முழுவதும். வெட்டியதும் மணலாகச் சரிந்தது. என் கணவர் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டார், இதுவரை செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்றார். அவர் கருத்தை இங்கே பதிவு செய்கிறேன், ஏற்கவில்லை.

அக்டோபர் 11

"உங்கள் ஓவன் சரியான சூட்டைத்தான் காட்டுகிறதா? தனியாக வெப்பமானி வைத்துப் பார்த்ததுண்டா?" என்று ஒருவர்.

ஐயா, பதினெட்டு வருடமாக ஒரே ஓவன். அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும். வெப்பமானி புதுமணத் தம்பதிகளுக்கு.

அக்டோபர் 14

வாயால் மட்டும் பேசக்கூடாது என்று, இந்த வருடம் வற்றலும் நானே போடுகிறேன். இன்று சனிக்கிழமை, லான்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட் நாள். 1889-இல் கட்டிய செங்கல் கட்டடம். செவ்வாய், வெள்ளி, சனி மட்டும் திறந்திருக்கும். பத்து மணிக்கே நல்ல சரக்கெல்லாம் போய்விடும் என்பதால் ஏழரைக்குப் போனேன். 20 பவுண்டு, அதாவது 9 கிலோ, யார்க் இம்பீரியல் வாங்கினேன். பக்கத்து யார்க் கவுண்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுத்த ரகம். பார்த்தால் சிரிப்பு வரும், ஒருபக்கமாகச் சாய்ந்த கோணல் ஆப்பிள், மேசையில் நேராக உட்காராது. தோல் சீவும் இயந்திரத்தில் மாட்டினால் பாதி தோல் அப்படியே நிற்கும். ஆனால் கெட்டியான சதை, குளிர்காலம் முழுவதும் கெடாது, இனிப்பும் புளிப்பும் சமமாக இருக்கும்.

பைக்குப் புளிப்பு ஷ்னிட்ஸ் வேண்டும், தோல் சீவியது. இனிப்பு ஆப்பிளைத் தோலோடு காயவைத்தது வேறு கணக்கு, அதைப் பன்றித் தொடை இறைச்சியோடும் மாவு உருண்டையோடும் சேர்த்து வேகவைப்பார்கள்.

நறுக்கியவுடன் எலுமிச்சைத் தண்ணீரில் போட்டேன். கொஞ்சம் பழுப்பேறினால் பரவாயில்லை, கன்னங்கரேல் என்று ஆகக் கூடாது.

அக்டோபர் 15

காய்கிறது.

அக்டோபர் 16

இன்னும் காய்கிறது. நான் படித்த எல்லா இடத்திலும் 75 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. ஓவனின் மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, ஒரு ஈட்டுக்குப் பதினான்கு மணி நேரம் ஆகிறது. ஈரக்காற்று என்று நினைக்கிறேன், இரண்டு நாளாக மழை.

பாட்டி வந்து பார்த்தார். அவர் அம்மா, ஓடு போட்ட கொட்டகைக் கூரையில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைப்பாராம். மாலையில் பனி விழும் முன் துணியோடு சுருட்டி உள்ளே கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. எனக்கு மொட்டைமாடியும் கூழ்வடகமும் காக்கையும் ஞாபகம் வந்தன. இங்கே காக்கைக்குப் பதில் குளவி. மழை வந்தால் அடுப்பு மேல் வைக்கும் தகரப் பெட்டி ஒன்று இருந்ததாம். தட்டையான பெட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, மூடியின் மேல் ஆப்பிளையோ சோளத்தையோ பரப்புவார்கள். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை மேல்தகடு கொதிநிலையைத் தாண்டாது, எதுவும் கருகாது. இதைவிட நல்ல உலர்த்தியை இன்னும் யாரும் விற்கவில்லை என்பது பாட்டியின் தீர்ப்பு.

அக்டோபர் 18

முடிந்தது. 9 கிலோ ஆப்பிள். தோலும் விதைக்கூடும் போனபின் 6.9 கிலோ. காய்ந்தது 1.2 கிலோ. அதாவது ஏழரைக்கு ஒன்று. ஒரு பைக்கு வேண்டிய 250 கிராம் என்பது கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஆப்பிள். புது ஆப்பிளில் செய்தால் ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் தட்டில் அடங்கும். ருசி ஏன் அத்தனை அழுத்தமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். "வழியில்லாதவர் பண்டம்" என்று கேள்வி கேட்டவர் இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்கவும்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. மேற்கே வண்டி கட்டிப் போன குடியேறிகளும் விடுதிச் சாப்பாட்டுக்காரர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர் ஆப்பிள் பையைத் திட்டிப் பாட்டே கட்டியிருக்கிறார்கள். அழுகியது, புழு அரித்தது, விதைக்கூட்டோடு நறுக்கிக் கயிற்றில் கோத்துத் தூசியில் தொங்கவிட்டது, அதைத் தினமும் போட்டால் யார்தான் திட்ட மாட்டார்கள்?

அக்டோபர் 22

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பழம் மசிந்ததாம். அடிமாவு வெந்ததாம், முதல் முறையாகத் தட்டிலிருந்து துண்டு முழுசாக எழும்பியதாம். ஆனால் விளிம்பு கரி. மேல்மாவும் "காப்பிக்கொட்டை நிறம்" என்கிறார். என் நேரத்தை நிமிடம் பிசகாமல் பார்த்தாராம்.

கறுப்புத் தகரத் தட்டு வைத்திருப்பீர்கள், அது சூட்டை அதிகமாக இழுக்கும். அல்லது தட்டை மேலே வைத்திருப்பீர்கள். அல்லது சர்க்கரையை மாவில் போட்டிருப்பீர்கள். விளிம்பைச் சுற்றி அலுமினியத் தாளை வளையமாகப் போடுங்கள்.

அக்டோபர் 23

கண்ணாடித் தட்டாம். கீழ்த்தட்டில்தான் வைத்தாராம். மாவில் சர்க்கரை இல்லையாம். எனக்குப் புரியவில்லை. ஊர்த் தண்ணீரோ என்னவோ.

நவம்பர் 5

வற்றல் வேண்டாம், உலர் திராட்சை இருக்கிறது, அதில் செய்ய முடியாதா என்று கேட்டவருக்கு: முடியும், அதற்கு இந்த ஊரில் தனிப் பெயரே உண்டு. சாவுப் பை.

அதிர்ச்சி அடைய வேண்டாம். சாவு சொல்லிக்கொண்டு வராது. பிப்ரவரியில் யாராவது போய்விட்டால் தோட்டத்தில் பழம் இருக்காது, அலமாரியில் உலர் திராட்சை இருக்கும். இந்தப் பை, முட்டைப் பாலாடைப் பையைப் போலன்றி, வெளியில் இருந்தாலும் கெட்டுப்போகாது. முந்தின நாளே செய்துவைத்து, தூரத்திலிருந்து வண்டியில் வருபவர்களுக்குக் கொடுக்கலாம். அதனால் துக்க வீட்டில் உலர் திராட்சைப் பை வழக்கமானது. விதையில்லாத தாம்சன் ரகம் பரவும் முன், ஒவ்வொரு திராட்சையாகக் கீறி விதை எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வருவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது அந்நியமாகப் படவில்லை.

அளவு: உலர் திராட்சை 300 கிராம், தண்ணீர் 500 மி.லி., பத்து நிமிடம் கொதி. சர்க்கரை 100 கிராமோடு சோள மாவு இரண்டரை மேசைக்கரண்டி கலந்து தூவிக் கிளறி, நடுவிலும் குமிழ் வெடிக்கும்வரை விடுங்கள். பாதியில் இறக்கினால் மாவு வாசனை போகாது. இறக்கிய பிறகு ஒரு எலுமிச்சம் பழச் சாறு, கொஞ்சம் வெண்ணெய். எலுமிச்சையை முன்பே போட்டுக் கொதிக்கவிட்டால் சோள மாவின் பிடி தளர்ந்துவிடும். ஆக இங்கேயும் புளிப்பு கடைசியில்தான், காரணம் மட்டும் வேறு.

திராட்சை விஷயத்தில் சர்க்கரை முன்னால் பின்னால் என்ற கவலை இல்லை. அதுவே சர்க்கரை மூட்டை.

நவம்பர் 12

சாவுப் பை பற்றி நான் அத்தனை ஜம்பமாக எழுதிய அடுத்த வாரமே பாட்டியின் மைத்துனர் காலமானார். தொண்ணூற்று மூன்று வயது. இரண்டு உலர் திராட்சைப் பை செய்து, கம்பிவலைபோல மாவுக் கீற்றுகள் பின்னி, எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம் தெரிந்தவள் என்ற பெருமை முகத்தில் வழிந்திருக்க வேண்டும்.

அங்கே இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், கடையில் வாங்கிய பிஸ்கட். உலர் திராட்சைப் பை கொண்டுவந்தது நான் ஒருத்தி மட்டும். ஒரு பேத்தி "இது என்ன, சாக்லேட்டா?" என்று கேட்டாள். பாட்டி என்னைத் தனியே அழைத்து, "இதை என் அம்மா காலத்தில் செய்வார்கள். எனக்கு உலர் திராட்சை பிடிக்காது" என்றார். பிறகு வயதானவர்கள் நாலு பேர் வந்து ஒரு பையை முடித்தார்கள். இன்னொன்று திரும்பி வீட்டுக்கு வந்தது.

எனவே நவம்பர் 5-இல் "துக்க வீட்டில் வழக்கம்" என்று எழுதியதை, இந்தக் குடும்பத்தில் ஒரு காலத்தில் வழக்கம் என்று படித்துக்கொள்ளுங்கள். ஆமிஷ் வீடுகளில் இன்னும் நடப்பதாகப் பாட்டி சொல்கிறார், அவர்கள் துக்கத்துக்கு நான் போனதில்லை.

நவம்பர் 13

திரும்பி வந்த பையை இரண்டாம் நாள் சாப்பிட்டோம். முதல் நாளைவிட நன்றாக இருந்தது. இதற்கும் வற்றல் குழம்புக்கும் உள்ள உறவைப் பற்றி மேலும் பேச மாட்டேன், ஏற்கெனவே அதிகம் பேசிவிட்டேன்.

நவம்பர் 24

நேற்று நன்றிசெலுத்தல் நாள். மூன்று ஷ்னிட்ஸ் பை. ஒன்றில் மாவு மிஞ்சியதால் வட்டமாக வெட்டி, நடுவில் ஆப்பிள் வைத்து, மடித்து, ஓரத்தை ஒட்டினேன். இங்கிருந்து வடமேற்கே மிஃப்லின் கவுண்டியில் பிக் வேலி என்கிற பள்ளத்தாக்கு ஆமிஷ் மக்களிடம் இந்த அரைநிலாப் பை பிரபலம். தட்டு வேண்டாம், முள்கரண்டி வேண்டாம், கையில் எடுத்துக் கடிக்கலாம். என் கை தானாகவே ஓரத்தை முறுக்கி முறுக்கி மடித்துவிட்டது. பாட்டி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இந்த முறுக்கை எங்கே கற்றாய் என்றார். சோமாசி என்றேன். அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார், கடைசி வரை சோமோசி என்றுதான் வந்தது.

அடிமாவுத் தொல்லையும் அரைநிலாவில் இல்லை. எல்லாப் பக்கமும் ஓரம்தான், எல்லாப் பக்கமும் வேகும். மாவு திரட்டப் பயப்படுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிளுக்கு மேல் வைக்காதீர்கள், வெடிக்கும். 200 டிகிரி, 35 நிமிடம்.

நவம்பர் 26

அரைநிலா இருபது நிமிடத்திலேயே கறுத்துவிட்டது என்று மூன்று பேர். மூன்று வெவ்வேறு ஊர், மூன்று வெவ்வேறு ஓவன்.

நவம்பர் 26, இரவு

சரி. வெப்பமானி ஒன்று வரவழைத்திருக்கிறேன். தம்பதி புதுமணமாக இருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 1

வந்துவிட்டது. ஓவனின் நடுவில் தொங்கவிட்டேன். முகப்பில் 220 என்று காட்டும்போது உள்ளே 195. அரை மணி நேரம் காத்திருந்தும் 195. கழற்றி மாற்றி வேறு இடத்தில் மாட்டினேன். 193.

அதாவது அக்டோபர் 9-இல் எழுதிய 25 நிமிடம் உங்களுக்கு 15, 50 நிமிடம் 35 அல்லது 40, அதுவும் 180-இல். அரைநிலாவும் 180-இல்தான், 20 நிமிடம். பதினான்கு மணி நேரம் காய்ந்த வற்றலுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை. அக்டோபர் 23-இல் ஊர்த் தண்ணீரைக் குறை சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அக்டோபர் 11-இல் கேட்டவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு பை அனுப்பத் தயார், தபாலில் உடையாத அரைநிலாவாக.

கணவரிடம் சொன்னேன். நெய்யில் செய்த பையை இனிச் சரியான சூட்டில் மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்கிறார்.